வாசிகசாலை அலுமாரிக்குள் ஒரு கிணறு

இரணைமடு வாசகி | ஞாயிறு இரவு 8.10

போன கிழமை எங்கள் வாசிகசாலையில் நடந்ததை ஆளுக்கொரு மாதிரிச் சொல்லித் திரிகிறார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

மாதம் ஒரு நூல் என்று ஒன்பது மாதமாகக் கூடிக் கதைக்கிறோம். இந்த மாதம் என் முறை. ராட்கிளிஃப் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளரையும், அவர் 1928இல் வெளியிட்ட 'தி வெல் ஆஃப் லோன்லினஸ்' நாவலையும் எடுத்துக்கொண்டேன். 'தனிமையின் கிணறு' என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். பெண்ணை நேசிக்கும் பெண்ணொருத்தியின் கதை. அவளும் கடவுள் படைத்தவள்தானே என்று கேட்கிற கதை. நான் பேசி முடித்துப் பிளேன்ரீ வருவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. நூலை வாசிகசாலைக்கே அன்பளிப்பாகத் தருகிறேன் என்றேன். சரி, வாங்குவோம், ஆனால் பூட்டிய அலுமாரிக்குள் வைப்போம், திறப்பு தலைவரிடம் இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள்.

வராதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். மோல்வேர்ன் மலைப்பக்கம் ஒரு பெரிய வீடு. ஆண்பிள்ளைதான் என்று பார்த்திருந்த தாய் தகப்பனுக்குப் பெண் பிறக்கிறது. நினைத்து வைத்த பெயரையே வைத்துவிடுகிறார்கள்: ஸ்டீபன். குதிரை ஓடுகிறாள், வாள் வீசப் பழகுகிறாள், பெண்பிள்ளைச் சட்டை போட்டால் அழுகிறாள். மகள் எப்படிப்பட்டவள் என்று தகப்பனுக்கு விளங்குகிறது. அதைப் பற்றிய மருத்துவ நூல்களை வாங்கி, ஓரங்களில் குறிப்பெழுதி, புத்தக அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார். மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒருநாள் பனிப்பாரத்தில் முறிந்த மரம் மேலே விழுந்து செத்துப்போகிறார். பிறகு தாய்க்கு விஷயம் தெரியவர, மகளை வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாள். அன்றைக்குத்தான் ஸ்டீபன் அந்த அலுமாரியைத் திறக்கிறாள். தன்னைப் பற்றித் தகப்பன் தன்னிடம் மட்டும் சொல்லாமல் விட்டதை அங்கே நின்று வாசிக்கிறாள்.

இந்த நாவலைத்தான் நாங்கள் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டப்போகிறோம்.

விதைநெல் | ஞாயிறு இரவு 9.05

பிள்ளை, அன்று முதலில் எழும்பிக் கதைத்தவன் நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை. நான் தடைசெய்யச் சொல்லவில்லை, பூட்டச் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல. ஓ.எல். படிக்கிற பிள்ளைகள் வருகிற இடம் அது. வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தலை வீட்டில் எங்கே வைப்போம்? பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வளையில் செருகி வைப்போம். மருந்து தேவை என்பது வேறு, அதை அடுப்படித் தட்டில் வைப்பது வேறு.

இன்னொன்று. எங்கள் சனத்துக்கு இப்போது இதுவா பாடு? கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் 2017இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் கொட்டில் போட்டு இருந்தார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடியே எத்தனை பேர் செத்துப்போனார்கள். இதற்குள் இங்கிலாந்துப் பணக்காரியின் மனக்கவலையை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

கச்சான் | ஞாயிறு இரவு 9.20

ஐயா, போன மாதம் ரஷ்ய நாவல் வைத்தபோது, அங்கே பனி இங்கே வெயில், எங்களுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லையே.

இரணைமடு வாசகி | ஞாயிறு இரவு 10.02

விதைநெல் ஐயா, மருந்துப் போத்தல் என்றதும் நான் அப்படியே இருந்துவிட்டேன். இந்த நாவலுக்கு எதிராக முதலில் கிளம்பிய ஆளும் அதைத்தான் சொன்னார். 1928 ஜூலை 27இல் நூல் வருகிறது. கறுப்பு மட்டை, படம் கிடையாது, விலை 15 ஷில்லிங். சாதாரண நாவலின் விலையைப் போல இரண்டு மடங்கு. விளையாட்டாக வாங்கிவிடக்கூடாது என்று பதிப்பாளர் ஜொனதன் கேப் வேண்டுமென்றே அப்படிச் செய்தார். முதல் மூன்று கிழமையும் பெரிய சத்தம் இல்லை. ஓகஸ்ட் 19இல் சண்டே எக்ஸ்பிரஸ் ஆசிரியர் ஜேம்ஸ் டக்ளஸ் எழுதினார்: ஒரு நல்ல பையனுக்கோ பெண்பிள்ளைக்கோ இந்த நாவலைக் கொடுப்பதைவிடக் குப்பியில் பிரசிக் அமிலத்தைக் கொடுப்பேன், நஞ்சு உடம்பைத்தான் கொல்லும், இது ஆன்மாவைக் கொல்லும் என்று.

குப்பியில் நஞ்சு. அந்தச் சொல் வன்னியில் என்ன கனம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு நடந்தது: கேப் பயந்துபோய் நூலை உள்துறை அமைச்சருக்கு அனுப்பினார். அவர் மீளப்பெறச் சொன்னார். கேப் ஓம் என்று தலையாட்டிவிட்டு, அச்சு வார்ப்புகளைக் கமுக்கமாகப் பாரிசுக்கு அனுப்பி அங்கே அடிக்க வைத்தார். அந்தப் பிரதிகளை டோவர் துறைமுகத்தில் சுங்கம் மறித்தது. நவம்பரில் போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் வழக்கு. எழுத்தாளர், மருத்துவர், மதகுரு என்று சாட்சி சொல்ல 40 பேரளவில் ஆயத்தமாக இருந்தார்கள். நீதவான் சார்ட்ரஸ் பைரன் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. நூல் ஆபாசமா இல்லையா என்று தீர்மானிப்பது தன் வேலை என்றார். நவம்பர் 16இல் எரிக்கச் சொல்லித் தீர்ப்பு. டிசம்பரில் மேன்முறையீடும் தோற்றது.

இவ்வளவுக்கும் நாவலில் இருக்கிற 'ஆபாசம்' என்ன தெரியுமா? அன்று இரவு அவர்கள் பிரிந்திருக்கவில்லை என்று ஒரு வரி. முத்தம் சில இடங்களில் வரும். வேறு ஒன்றும் இல்லை. எங்கள் பிள்ளைகள் கையில் வைத்திருக்கிற போனுக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை.

சொல்லேர் | திங்கள் காலை 6.40

நான் வேறு பக்கத்தால் வருகிறேன். பூட்டவேண்டாம், வெளியிலேயே வையுங்கள். ஆனால் இதைப் பெரிய இலக்கியம் என்று தூக்கிப் பிடிக்கவேண்டாம். நானும் ஆங்கிலத்தில் வாசித்தவன்தான். ஒரே புலம்பல். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் நெஞ்சில் அடித்துக்கொள்ளும் வசனம். குதிரை முதற்கொண்டு ஆங்கிலத்தில் தத்துவம் யோசிக்கும். வேர்ஜீனியா வூல்ஃப் சாட்சி சொல்ல ஆயத்தமாக நின்றவர். அவருக்கே நூல் சலிப்பாக இருந்தது, அதைத் தனிப்பட்ட கடிதங்களில் மறைக்கவும் இல்லை. ஈ.எம். ஃபோர்ஸ்டரும் அவரும் பகிரங்கமாகப் பேசியது எழுத்தாளரின் உரிமைக்காக. நூலின் தரத்துக்காக அல்ல. ஹாலுக்கோ, தன் நூல் ஒரு மேதையின் படைப்பு என்று எல்லாரும் சொல்லவேண்டும் என்ற பிடிவாதம்.

அதே 1928 ஒக்டோபரில் வூல்ஃப் 'ஓர்லாண்டோ'வை வெளியிட்டார். ஆணாக இருந்தவர் நித்திரை விட்டு எழும்பும்போது பெண்ணாக இருப்பார். ஒரு பொலிஸ்காரனும் வரவில்லை. ஏன்? எழுதத் தெரிந்தவர் எழுதினால் சட்டம் பிடிக்க இடம் இராது.

ஹாலின் நல்ல நாவல் எது என்று கேட்டால், 1924இல் வந்த 'தி அன்லிட் லாம்ப்'. ஏற்றாத விளக்கு. ஜோன் என்ற மகள். படித்து வைத்தியராக வேண்டும், தனக்குப் படிப்பித்த எலிசபெத்துடன் லண்டனில் போய் இருக்க வேண்டும் என்ற ஆசை. தாய் விடமாட்டாள். சத்தம் போட்டுத் தடுக்கிறவள் அல்ல. தலையிடிக்கிறது, நெஞ்சு நோகிறது, நீ போனால் எனக்கு ஆர் என்று கேட்டுக் கேட்டே மகளின் தலை நரைக்க வைத்துவிடுவாள். ஜோனுக்கும் எலிசபெத்துக்கும் இடையில் இருக்கிற உறவுக்கு ஒரு பெயர்கூட அதில் சொல்லப்படவில்லை. எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஒரு ஜோன் இருக்கிறாள், பெயரைக் கேட்டால் நான் பத்துப் பேரைச் சொல்வேன். ரீச்சர் அதை எடுத்திருந்தால் பிளேன்ரீயும் ஆறியிராது, சண்டையும் வந்திராது.

கச்சான் | திங்கள் காலை 7.15

வூல்ஃபுக்குச் சலித்தது சரி. உங்களுக்குச் சலிக்காத நூல் ஒன்றின் பெயர் சொல்லுங்கள் அண்ணை, வாங்கி வைப்போம்.

இரணைமடு வாசகி | திங்கள் பகல் 1.30

(பள்ளி இடைவேளையில் எழுதுகிறேன்.) சொல்லேர் அண்ணை, 'ஏற்றாத விளக்கு' பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கமாட்டேன். எனக்கும் அதுதான் மனதுக்கு நெருக்கம். புலம்பல் கூட என்பதும் உண்மை. ஆனால் அந்த விளக்கு நாவலை ஏன் ஒருவரும் பிடிக்கவில்லை? பெயர் சொல்லாததால். 'ஓர்லாண்டோ' ஏன் தப்பியது? வேடிக்கையாகச் சொன்னதால். ஹால் அப்போது பேர் பெற்ற எழுத்தாளர். 1926இல் வந்த 'ஆடம்ஸ் பிரீட்' என்ற நாவலுக்கு ஃபெமினா பரிசும் ஜேம்ஸ் டெயிட் பிளாக் பரிசும் கிடைத்திருந்தன. ஒரு உணவகப் பரிசாரகரின் கதை அது. அப்படியே சாப்பாட்டுக்கடைக் கதைகளை எழுதிக்கொண்டிருந்தால் மரியாதையோடு செத்திருக்கலாம். கையில் பெயர் இருக்கிற இந்த நேரத்தில் எழுதாவிட்டால் எப்போதும் எழுதமுடியாது என்று கணக்குப் போட்டு எழுதினார். பெயர் கெட்டாலும் பரவாயில்லையா என்று கூட வாழ்ந்த ஊனா ட்ரூபிரிட்ஜிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார். ஊனா சம்மதம் சொன்னார். ஒரு கடற்படை அட்மிரலைக் கட்டி, ஒரு பெண்பிள்ளையும் பெற்று, பிறகு விலகி வந்தவர் ஊனா. இழக்க அவருக்கும் நிறைய இருந்தது.

பாலைப்பழம் | திங்கள் மாலை 5.50

நான் கம்பஸில் இரண்டாம் வருசம். ரீச்சரின் பக்கம்தான், ஆனால் ஹாலுக்குப் பூமாலை போடமுடியாது. பெருஞ்சொத்துக்கு வாரிசு. வாழ்நாளில் ஒருநாளும் வேலைக்குப் போகத் தேவைப்படாதவர். அரசியலில் பழமைவாதி, பிற்காலத்தில் முசோலினியின் இத்தாலிமேல் அனுதாபம் வேறு. 1934இல் எவ்கேனியா சுலினா என்ற ரஷ்யத் தாதியிடம் மனதைக் கொடுத்துவிட்டு, ஊனாவையும் விடாமல், மூன்று பேரையும் பல வருசம் அலைக்கழித்தார். நாவலிலும் அப்படித்தான். தான் நேசிக்கிற மேரி என்ற பெண்ணின் நன்மைக்கு என்று ஸ்டீபன் தானே முடிவெடுத்து, வேறொருத்தியோடு தொடர்பு இருப்பதாக நடித்து, மேரியை ஒரு ஆணின் கையில் ஒப்படைக்கிறாள். மேரியிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இது தியாகமா? எங்கள் ஊரில் தகப்பன்மார் செய்கிற வேலை.

அதோடு ஹால் பாவித்த சொல் 'இன்வேர்ட்'. தலைகீழாகப் பிறந்தவர் என்ற கருத்து. இன்றைக்கு ஸ்டீபனை வாசிக்கிற சிலர், அவர் திருநம்பி அல்லவா என்று கேட்கிறார்கள். ஹாலும் தன்னை ஜோன் என்றுதான் அழைக்கச் சொன்னார்; ஆண்பெயர் ஜோன். லெஸ்பியன் நாவல் என்று ஒரே முத்திரையாகக் குத்துவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

இனிச் சட்டம். இதைச் சொல்லத்தான் வந்தேன். 1921இல் பிரித்தானியாவில், தங்களுக்குள் உறவு வைத்தால் பெண்களுக்கும் தண்டனை என்று ஒரு பிரிவைக் கீழ்ச்சபை நிறைவேற்றியது. பிரபுக்கள் சபை தட்டிவிட்டது. இரக்கத்தில் அல்ல. சட்டம் போட்டால் இப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று கேள்விப்படாத பெண்களுக்கும் தெரிந்துவிடுமே என்ற பயத்தில். ஆகவே அங்கே பெண்கள்மேல் சட்டம் இல்லை, நூலின்மேல்தான் பாய முடிந்தது. எங்களுக்கு அந்த வெள்ளைக்காரர் 1883இல் தந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவும் ஆண்களை மட்டும்தான் சொன்னது. 1995இல் திருத்தியபோது 'ஆண்' என்று இருந்த இடத்தில் 'ஆள்' என்று போட்டார்கள். அதோடு பெண்களும் உள்ளே. வெள்ளைக்காரன் செய்யப் பயந்ததை நாங்கள் சுதந்திரம் அடைந்து 47 வருசத்தில் செய்து முடித்தோம். 2023இல் இதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தப் பாராளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை.

ஆகவே விதைநெல் ஐயா, இங்கிலாந்துப் பணக்காரியின் கவலை என்று தள்ளிவிட முடியாது. சட்டம் எங்கட மேசையில்தான் கிடக்கிறது.

விதைநெல் | திங்கள் இரவு 8.15

தம்பியோ தங்கச்சியோ, கம்பஸ் பிள்ளை, சட்டம் தெரிந்து எழுதுகிறீர், நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தச் சட்டத்தில் வன்னியில் எத்தனை பெண்களைப் பிடித்தார்கள்? எனக்குத் தெரிய ஒருவரும் இல்லை. இங்கே இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் இருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. புருசன் இல்லாத வீடுகள் எத்தனை. தமக்கையும் தங்கையும், மச்சாளும் மச்சாளும், சிநேகிதியும் சிநேகிதியும் என்று சேர்ந்துதான் இருக்கிறார்கள். இப்படி ஒரு நூலைக் கொண்டுவந்து நடுச் சந்தியில் வாசித்தால் நாளைக்கு அந்த வீடுகளை எல்லாம் சனம் வேறு கண்ணால் பார்க்கும். அந்தப் பிரபுக்கள் சொன்னதில் பிழை என்ன?

இரணைமடு வாசகி | திங்கள் இரவு 9.00

ஐயா, பிழை இருக்கிறது. ஒருவரும் கேட்பதில்லை என்கிறீர்கள். கேட்காமலே கதை கட்டுவார்கள், கேட்காமலே 25 வயதில் பிடித்துக் கட்டியும் கொடுப்பார்கள். அதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல் இருக்காது.

நீதிமன்றத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். நாவலில் ஸ்டீபன் முதலாம் உலகப்போரில் பிரான்ஸ் போர்முனையில் பெண்களின் அம்புலன்ஸ் பிரிவில் ஓட்டுநராக இருக்கிறாள். மேரியைச் சந்திப்பதும் அங்கேதான். நீதவானுக்கு மிகவும் குத்திய இடம் அதுதான். போர்முனையில் சேவை செய்த நற்குணப் பெண்களை இந்த நூல் இழிவுபடுத்துகிறது என்றார். பின்னால் இருந்த ஹால் எழும்பி, மறுக்கிறேன், இந்த நூலை எழுதியவள் நான்தான் என்றார். பேசாமல் இராவிட்டால் வெளியே அனுப்புவேன் என்று பதில் வந்தது. வழக்கு பதிப்பாளர்மேலும் விற்பனையாளர்மேலும்தான். எழுதியவருக்கு அங்கே வாய் இல்லை.

முறிகண்டி (மட்டுறுத்துநர்) | திங்கள் இரவு 11.10

மேலே இருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். இயக்கத்தில் இருந்த பெண்பிள்ளைகளை இழுத்து எழுதியிருந்தது. விவாதியுங்கள், ஆனால் அந்த வாசலால் போகவேண்டாம். இன்னொருமுறை என்றால் இழையைப் பூட்டுவேன்.

கச்சான் | திங்கள் இரவு 11.14

திறப்பு தலைவரிடமா இருக்கும்?

ஒற்றைப்பனை | செவ்வாய் அதிகாலை 4.50

நீக்கிய பதிவை நான் வாசித்துவிட்டேன். பரவாயில்லை, புதிதாக ஒன்றும் இல்லை.

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ரீச்சர் அம்புலன்ஸ் பற்றி எழுதியதால் எழுதுகிறேன். நானும் மருத்துவப் பகுதியில் இருந்தவள். அம்புலன்ஸ் என்று ஒன்று எங்களுக்குக் கடைசிக் காலத்தில் இல்லை. உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கல் பரப்பி ஏற்றுவோம். சேலைன் போத்தலை ஒருத்தி எழுந்து நின்று பிடிக்கவேண்டும். பெட்டி குழியில் விழும்போது அவள் விழாமல் இருக்க இன்னொருத்தி அவளின் இடுப்பைப் பிடிக்கவேண்டும். அந்தப் பிடியை நீதவான் என்ன என்று எழுதுவார் என்று யோசித்தேன்.

அவர் சொன்ன 'நற்குணப் பெண்கள்' என்ற சொல்லும் எங்களுக்குப் பழக்கம். முன்னுக்கு நின்றபோது தெய்வங்கள் என்றார்கள். புனர்வாழ்வு முடிந்து வந்தபோது வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என் தங்கச்சியை மட்டும் கேட்டார்கள்.

இப்போது நானும் இன்னொருத்தியும் ஒரு வீட்டுத்திட்ட வீட்டில் இருக்கிறோம். அவளுக்கு ஒரு கால் முழங்காலோடு இல்லை. அறுபது கோழி, இரண்டு ஆடு, ஒரு தையல் மெஷின். பதிவுக்கு வருகிறவர்கள் படிவத்தில் உறவுமுறை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்ப்பார்கள். சிநேகிதி என்போம். எழுதிக்கொண்டு போவார்கள். அந்த ஒரு சொல்லுக்குக் கீழே பதினொரு மாரி நனையாமல் இருந்திருக்கிறோம்.

நாங்கள் என்ன என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. கேட்கவும் வேண்டாம். ரீச்சரிடம் ஒரு கேள்விதான். பெயர் சொல்லியே ஆகவேண்டும் என்று நினைக்கிற அந்த அம்மாவுக்குப் பாரிசில் அச்சடிக்க வழியும், போய் இருக்கக் காசும் இருந்தன. பெயர் சொன்ன பிறகு போக இடம் இல்லாதவர்கள் என்ன செய்வது?

இரணைமடு வாசகி | செவ்வாய் பகல் 1.35

அக்கா, காலையில் வாசித்துவிட்டு முதலாம் பாடம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நேர்ப் பதில் என்னிடம் இல்லை. வழக்கில் நடந்த இன்னொரு சம்பவம் உங்கள் கேள்வியோடு முட்டுவதால் சொல்கிறேன். பதிப்பாளரின் வழக்கறிஞர் நோர்மன் பேர்க்கெட் நல்ல கெட்டிக்காரர். நூலைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார்: இது வெறும் நட்பைப் பற்றிய நூல், உடம்போடு சம்பந்தம் இல்லை என்று வாதிட்டார். உங்கள் படிவத்தில் இருக்கிற அதே சொல். நீதவான் நம்பியிருந்தால் நூல் தப்பியும் இருக்கலாம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஹால் அழுதபடி அவரிடம் போய்ச் சண்டை பிடித்தார். என் நூலைக் காப்பாற்ற என் நூலைப் பொய்யாக்காதீர் என்பதுதான் அவரது ஆத்திரம். பிற்பகலில் பேர்க்கெட் தன் வாதத்தை மாற்றவேண்டி வந்தது.

நான் அன்று வாசிகசாலையில் இதைத்தான் அவரது பெரிய துணிச்சல் என்று சொன்னேன். உங்கள் பதிவுக்குப் பிறகு அவ்வளவு உரமாகச் சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சொல்லை வேண்டாம் என்று எறிய அவரால் முடிந்தது. எறிந்திருக்காவிட்டால் பிறகு வந்தவர்களுக்குச் சொல்லே கிடைத்திராது என்றும் நினைக்கிறேன்.

ஒற்றைப்பனை | செவ்வாய் மாலை 6.20

பிறகு வந்தவர்களுக்கு எப்போது கிடைத்தது?

இரணைமடு வாசகி | செவ்வாய் மாலை 6.45

அமெரிக்காவில் 1929 ஏப்ரலில். அங்கேயும் வழக்குப் போட்டு, முதல் நீதிமன்றத்தில் தோற்று, அடுத்ததில் வென்றார்கள். ஒரே வருசத்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் விற்றது. இங்கிலாந்தில் 1949இல்தான் திரும்ப அச்சிட்டார்கள், அப்போது ஒருவரும் வழக்குப் போடவில்லை. 1974இல் பி.பி.சி. வானொலி படுக்கைநேரக் கதையாகவே வாசித்தது. ஹால் 1943இலேயே போய்விட்டார். ஹைகேட் மயானத்தில், 1916இல் இறந்த தன் முதல் துணையான மேபல் பாட்டனின் கல்லறையிலேயே அவரையும் வைத்திருக்கிறது. தடைக்குப் பிறகு தன் ஊரில் தன் நூல் திரும்பக் கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

சொல்லேர் | செவ்வாய் இரவு 8.30

நான் என் பக்கத்தை மாற்றவில்லை, நாவல் நீளம்தான். ஆனால் ஒற்றைப்பனை எழுதிய உழவு இயந்திரப் பெட்டிப் பந்தி மாதிரி ஹால் ஒரு பந்தி எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். தங்கச்சி, நீங்கள் எழுதவேண்டும்.

ஒற்றைப்பனை | செவ்வாய் இரவு 8.41

கோழிக்குத் தீன் வைக்கவேண்டும் அண்ணை.

விதைநெல் | செவ்வாய் இரவு 9.30

ஒற்றைப்பனைப் பிள்ளை, என் எழுத்தில் உம்மைப் போன்றவர்களைக் குறைவாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளும். உங்களைக் காப்பதற்காகத்தான் பூட்டச் சொன்னேன் என்று இப்போது சொன்னால் அது அந்த நீதவானின் கதை மாதிரி இருக்கும். அதனால் சொல்லவில்லை.

பூட்டு இருக்கட்டும் என்பதில்தான் இன்னும் நிற்கிறேன். திறப்பைத் தலைவரிடம் கொடுக்காமல், மேசையில் இருக்கிற நூலகப் பிள்ளையிடம் கொடுக்கலாம். கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கட்டும், பெயர் எழுதவேண்டாம். அடுத்த கூட்டத்தில் நானே சொல்கிறேன்.

ரீச்சரிடம் வேறு ஒன்று கேட்க இருந்தது. அன்று பேசும்போது அந்தக் குதிரையின் கதையை இடையில் விட்டுவிட்டீர்.

இரணைமடு வாசகி | செவ்வாய் இரவு 9.50

ராஃப்டரி. தகப்பன் வாங்கிக் கொடுத்த குதிரை. தாய் வெளியே போகச் சொன்ன பிறகு ஸ்டீபன் அதையும் லண்டனுக்குக் கொண்டுபோகிறாள். வயது போய்க் கால் இயலாமல் வந்துவிடும். வேறு ஒருவர் கையில் விட மனம் இல்லாமல், ரயிலில் ஏற்றி ஊருக்கே திரும்பக் கொண்டுவந்து, தன் கையாலேயே சுடுகிறாள்.

விதைநெல் | செவ்வாய் இரவு 10.20

2009 தை மாதம் வெளிக்கிடும்போது நாங்கள் மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டு வந்தோம். ஏழு மாடு. சிவலை மட்டும் வாய்க்கால் வரைக்கும் பின்னால் வந்தது.

சரி, படுக்கப்போகிறேன்.

பாலைப்பழம் | புதன் காலை 7.05

ரீச்சர், தலைப்பு மொழிபெயர்ப்பைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. 'கிணறு' சரியா? அது வற்றாத தண்ணீர் என்ற பக்கத்தையும் தருகிறது. ஆங்கிலத்தில் ஆழமும் இருட்டும்தான் முன்னுக்கு நிற்கிறது.

கச்சான் | புதன் காலை 7.30

மீளக்குடியேறி வந்தபோது எங்கள் கிணற்றை மூன்று நாள் மோட்டர் வைத்து இறைத்தோம். சைக்கிள், பானை, சீமெந்துக் கட்டி, வேறு என்னென்னவோ வந்தது. அடியில் ஊற்றுக்கண் திறந்தபிறகு தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஆகவே கிணறே இருக்கட்டும். இந்த முறை நான் பகிடி விடவில்லை.

ஒற்றைப்பனை | புதன் இரவு 8.00

ரீச்சர், எனக்கு ஆங்கிலம் ஓடாது. நீங்கள் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதாக யாரோ சொன்னார்கள்.

இரணைமடு வாசகி | புதன் இரவு 8.12

ஓம் அக்கா. முதல் ஏழு அத்தியாயம், இரண்டு சீ.ஆர். கொப்பியில். பென்சில் எழுத்து, அடித்தல் திருத்தலோடு இருக்கிறது. ஹால் இறந்து 80 வருசம் தாண்டிவிட்டதால் உரிமைப் பிரச்சினையும் இல்லை. இது அச்சகம் பார்க்கும் என்ற கனவெல்லாம் இல்லை, எனக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒற்றைப்பனை | புதன் இரவு 8.20

சனிக்கிழமை முட்டை கொண்டு சந்தைக்கு வருவேன். கொப்பிக்குப் பேப்பர் உறை போட்டுத் தாருங்கள், பெயர் எழுதவேண்டாம். அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்டவேண்டும், கண் பழுது.